எரிமலைத் தீவுக்குப் போய் வந்தவர்

"அந்தப் பாய்க்கப்பல் எங்களிட்டை வந்து நங்கூரம் போட்டுது" என்று அகஸ்ரின் சொன்னபோது அவன் மனைவி ஜோசப்பினின் கையிலிருந்த அகப்பை நின்றது.

பார்க்டேலில் பதினோராம் மாடி வீடு. செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். தேவாலயப் பூசைக்குப் போய்வந்து மீன்குழம்பைக் கொதிக்க விட்டிருந்தாள். அவன் குசினி மேசையில் நாலு வயது மகள் ஜூலியை மடியில் வைத்துக்கொண்டு பயணக்கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சமைக்கும் உணவகத்தின் முதலாளி யோர்கோஸ், கிரேக்கத்துக்குப் போனபோது அவனையும் கூட்டிப் போயிருந்தார். பாய்க்கப்பலில் பத்து நாள், தீவு தீவாக. அவன் மட்டும் முதலில் திரும்பி ஆறு நாளாகிறது. விமானத்தில் பெட்டியைத் தொலைத்துவிட்டார்கள் என்று வெறுங்கையோடு வந்து நின்றான்.

"எங்களிட்டையோ? நீங்களெல்லோ அதிலை போனனீங்கள்?"

"ஓம், போனன்." சிரித்தான். "நாலு பேர் இறங்கிச்சினம். கறுத்தக் கல்லிலை நடந்து எரிமலை வாய்க்குள்ளை வந்தினம். மூண்டு பேர் தூரத்திலை நிண்டிட்டினம். ஒராள் மட்டும் புகை வாற இடத்துக்குக் கிட்ட வந்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒராள்!"

"ஆர் அந்த ஒராள்?"

கொஞ்சம் யோசித்தான். "நான்தான்."

ஆறு நாளாக அவள் மனதுக்குள் ஒதுக்கி வைத்தவையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எழுந்தன: குளித்துவிட்டு வந்தாலும் அவனிடமிருந்து போகாத, தீக்குச்சி கிழித்த உடனே வரும் அந்த மணம், அவன் நடந்தால் சத்தம் போடாத மரத்தரை, சாப்பாட்டுத் தட்டு வெறுமையாகியும் அவன் விழுங்கியதை ஒருமுறைகூடக் காணாதது, பக்கத்தில் படுத்திருப்பவனின் மூச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்து, தன் மூச்சை மட்டுமே கேட்டது.

அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலச் சொன்னாள்.

"வாற கிழமை எங்கட சீமோன் அண்ணையின்ரை ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணுமப்பா."

அப்படியொரு அண்ணன் இருவருக்குமே கிடையாது.

"ஓம், குடுப்பம்." அவன் குரல் தழுதழுத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "பாவம். எனக்கு நீந்தப் பழக்கினதே அவர்தானே."

அடுப்பை அணைத்தாள். மூன்றாம் மாடியில் எமில்டா அன்ரி இருப்பார். சப்பாத்து வேண்டாம். பிள்ளையைத் தூக்கினால் போதும்.

"ஜூலி, வாங்கோ. எமில்டா அன்ரி வீட்டை போயிட்டு வருவம்."

"பிள்ளைக்கு நித்திரை வருது" என்றான் அவன். ஜூலியைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான். கதவு பாதி சாத்திக்கொண்டது.

ரெலிபோன் அடித்தது.

"எடுக்காதையும்" என்றது அறைக்குள்ளிருந்து குரல்.

எடுத்தாள். யோர்கோஸ். எங்கோ தூரத்திலிருந்து, அழுகையோடு. ஆறு நாளாக அழைத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு ஆண் எடுத்து, நீங்கள் வீட்டில் இல்லை என்று வைத்துவிடுகிறார் என்றார். புகை வரும் இடத்தில் அகஸ்ரினின் காலடியில் நிலம் இடிந்துவிட்டது என்றார். உடலை நேற்றுத்தான் எடுக்க முடிந்தது. மன்னித்துவிடுங்கள், தங்கச்சி.

"ஆரின்ரை உடல்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவும் அந்தப் பெயரைச் சொன்னார்.

அறைக்குள் ஜூலி சிரித்தாள்.

ரெலிபோனைக் கீழே வைத்தாளா, விட்டாளா தெரியாது. பத்து அடி நடை. சுவரைப் பிடித்தபடி. தீக்குச்சி மணம் கூடியது. கதவைத் தள்ளினாள்.

அவன் மல்லாந்து கிடந்தான். கண்கள் திறந்து அவளையே பார்த்தன. மார்பில் ஜூலி குந்தியிருந்தாள். அவள் கை அவன் வாய்க்குள் போயிருந்தது. மணிக்கட்டு வரை அல்ல. முழங்கை வரை அல்ல. தோள் வரை. எதையோ தேடுகிறவள்போலத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் பிள்ளை, "அப்பாக்குள்ளை ஒண்டுமே இல்லை."