வெண்கலத்துக்குள் ஒரு விரிசல்

துர்க்கு நகரத்து மழைக்குக் குடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தலையைக் குனிந்தபடி வார்ப்பு ஆலை வாசலில் திரும்பிய ஸைமி, சக்கரப் பெட்டியோடு வந்தவன் மேல் மோதி, கையிலிருந்த காபியை அவன் கோட்டில் கொட்டினாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" தப்பு தன்னுடையது என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"முன்னாடிதாங்க இருக்கு. அதான் பார்த்துட்டே நின்னுட்டேன்..."

சாம்பல் நிறக் கண்கள். சிரிப்பு வேறு! காபியில் நனைந்தும் சிரிக்கிறவனை எப்படி நம்புவது?

அவள் சந்தேகம் வீண்போகவில்லை. எஸ்கில் என்ற அவன், சோதனைக் கருவிகளின் சிக்னலைப் பிரித்துப் படிக்கும் நிபுணன்; வாசா நகரத்திலிருந்து வந்திருந்தான். மீயொலிக் கருவியால் சோதித்து, 'குறையில்லை' என்று ஸைமி நேற்றுக் கையெழுத்திட்ட கப்பல் ப்ரொப்பெல்லரை மறுபடி பார்க்கப் போகிறானாம். அதில் விரிசல் இருந்துவிட்டால், ஒன்பது வருடம் சம்பாதித்த பேர் போச்சு.

வெண்கலத்தின் உட்படிகங்கள் எழுப்பிய இரைச்சல் திரையில் புல்லாக மண்டியிருந்தது. அவன் தன் கணினியில் ஏதோ தட்டினான். புல் படுத்தது... ஒரே ஒரு முள் மட்டும் நின்றது.

"நீங்களே வரைஞ்சு வெச்சீங்களா?"

"ஃப்ரீக்வென்சியை மாத்திப் பாருங்க. வெறும் இரைச்சல்னா மாறிடும். விரிசல் அங்கேயே நிக்கும்."

ஐந்து முறை மாற்றினாள். முள் அசையவில்லை.

மாலையில் அவன் எழுதிய அறிக்கை வந்தது. 'விரிசலைக் கண்டவர்: ஸைமி ரௌதலா.'

பிச்சை போடுகிறானா? பதிலுக்கு என்ன கேட்பான்? உணவறையில் ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் முன்னால் அறிக்கையை வீசினாள்.

"இந்தப் பொய் எதுக்கு?"

"பொய்யில்லீங்க. உங்க கருவி எங்கெங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பதிவுல இருக்கு. அந்த இடத்துக்கு மூணு தடவை திரும்பி வந்திருக்கீங்க. உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு... திரைதான் ஏமாத்திடுச்சு."

அந்த மூன்று முறையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண் கலங்கியது. பேனாவை எடுத்து, தன் பெயருக்குக் கீழே எழுதினாள்: 'அதே இடத்தைக் குறையில்லை என்று தவறாக ஒப்பமிட்டவரும் நானே.'

"ஐயோ, இதை யாரு கேட்டா?"

"நான் கேட்டேன். சரி... என் கையை இவ்வளவு பார்க்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

அவன் காதுகள் சிவந்தன. "இரைச்சலை வடிகட்டுற என் ப்ரோகிராமுக்காக ஆறு மாசமா உங்க பதிவுகளைத்தான் ஓட்டிட்டிருக்கேன்..."

"ஆறு மாசமும் ப்ரோகிராமுக்காகத்தானா?"

"முதல் மாசம் மட்டும்."

ஸைமி எதையும் மறுபடி சோதிக்காமல் நம்பியது அன்றுதான்.