டேப்பில் இல்லாத மூச்சு

ஃபோனில் ஏறிய பதிவில் இரண்டு மூச்சுகள் கேட்டன.

ஒன்று மங்கையுடையது. நேற்று மத்தியானம், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் விழாதபடி ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவைத் தாழிட்டு, டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரோடு ஃபோனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவள் ஒருத்திதான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷன் வேலப்பனின் குரல் அந்த ஒரு கேசட்டில்தான் மிச்சமிருந்தது. எண்ணூர் உப்புக்காற்றில் அதுவும் பூஞ்சை பிடித்து, போடப் போட அவன் பாட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீருக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஃபோனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னது பக்கத்து வீட்டு ஷாலு. அவளிடமே போட்டுக் காட்டினாள்.

"மாமா சோக்கா பாடுறாரு. ஆமா, யாருக்கா இப்டி மூச்சு வாங்கிகினு கீறது?"

"நான்தான்டி."

"நீ ஒண்ணு. இன்னொண்ணு?" ஷாலு சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பேஜாரா கீதுக்கா. அழிச்சுடு. அதான் டேப்பு கீதே."

ஷாலு போய்விட்டாள். ஃபோனில் இருந்தால் குரல் தேயாது. ஆனால் அந்த இன்னொரு மூச்சும் கூடவே இருக்கும். டேப்பில் அவன் மட்டும், தேய்ந்துகொண்டே. மங்கை வெகுநேரம் யோசித்துவிட்டு அழித்தாள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

அவன் மட்டும் பாடுவதைக் கேட்க வேண்டும். டேப்பைப் போட்டாள். ஓர் அடி பாடினான். குரல் இழுத்தது. நாடா சிக்கி அறுந்தது.

மூடியைத் திறந்து, சிக்கியதை விரலால் மெல்ல உருவினாள். பழுப்பு நாடா தரையில் சுருள்சுருளாக விழுந்தது. நெயில் பாலிஷ் தொட்டு ஒட்டினால் மறுபடி பாடும். அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சுருள் சிறுத்திருந்தது.

காற்று இல்லை. ஃபேன் ஓடவில்லை. நாடா நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒரு மூச்சுக்கு ஓர் இழுப்பு. கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

கதவு பக்கத்தில்தான். ஓடியிருக்கலாம்.

ஆனால் போவது அவன் குரல்.

தரையில் உட்கார்ந்து கடைசி முனையைப் பிடித்தாள். இறுகியது. கட்டிலடியிலிருந்து ஈரமான மூச்சு. கழிமுகச் சேற்றின் வாடை. அவள் விடவில்லை. நாடாவை மணிக்கட்டில் சுற்றினாள். இன்னொரு சுற்று.

இருட்டுக்குள் அவள் கை முழங்கைவரை போயிருந்தது.