கயிற்றில் இருந்த பாரம்

பத்து வருடங்களாக ஸ்காபரோ மண்டபங்களில் கலியாணமும் சாமத்தியவீடும் படமெடுத்துச் சலித்துப்போயிருந்தான் வாகீசன். அதனால்தான் சித்தப்பாவின் மகள் நிலாணி, தான் உறைந்த அருவியில் ஏறுவதைப் படமெடுக்க வரமுடியுமா என்று கேட்டபோது உடனே சம்மதித்தான்.

பெப்ரவரிச் சனிக்கிழமை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். காரை ஓட்டியவன் நிலாணியின் கணவன் சீமோன். மலைச்சரிவில் ஓர் அருவி விழுந்தபடியே உறைந்து நின்றது. ஆறு மாடி உயரம் இருக்கும். முதல்நாள் கொட்டிய பனியில் ஒரு கால்தடமும் இல்லை.

சீமோன் பின்பக்கப் பாதையால் போய் உச்சி மரங்களில் இரண்டு கயிறுகளைக் கட்டினான். ஒன்றின் நுனி நிலாணியின் இடுப்பில். அது மேலேயுள்ள வளையத்தினூடாகத் திரும்பிக் கீழே நின்ற சீமோனிடம் வந்தது. அவள் சறுக்கினால் அவன் தாங்குவான். மற்றக் கயிற்றில் வாகீசன் உச்சியிலிருந்து பாதிவரை இறங்கி, கமராவும் கையுமாகத் தொங்கினான்.

நிலாணி ஏறத் தொடங்கினாள். கோடரி கொத்தும் சத்தம். பனிச்சில்லுகள் உதிரும் சத்தம். இடையிடையே வேறொரு சத்தமும் கேட்டது. வெறுங்கையால் பனியில் அறைவதுபோல.

வாகீசன் படங்களைத் திரையில் பார்த்தான். நிலாணியின் கால்களுக்கு வெகு கீழே கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நிழல் என்று நினைத்தான்.

அடுத்த படத்தில் அது பாதித் தூரம் ஏறியிருந்தது.

கமராவைத் தாழ்த்திப் பார்த்தான். பனி மட்டுமே தெரிந்தது. மறுபடியும் திரையைப் பார்த்தான். தொப்பி இல்லை, கையுறை இல்லை, கயிறும் இல்லை. முகத்தைப் பனியோடு அழுத்தியபடி ஒரு மனிதன். அந்தக் குளிரிலும் நனைந்த கம்பளி நாற்றம் குப்பென்று வந்தது.

நிலாணி வாகீசனுக்கு நேராக வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை," என்று கிசுகிசுத்தாள். "எனக்குக் கீழ ஆரும் ஏறுகினமோ?"

 வாகீசன் அவளை இறக்கும்படி சீமோனுக்குக் கை காட்டினான். அவள் இறங்கினாள். நாலைந்து அடி போனதும் உடம்பு ஒருமுறை துள்ளியது. யாரோ தன் தோளைப் பற்றி, பிறகு கயிற்றுக்குக் கையை மாற்றியதுபோல் இருந்தது என்று பின்னர் சொன்னாள்.

தரையைத் தொட்டதும் முடிச்சை அவிழ்த்தாள். வாகீசன் மூச்சு விட்டான்.

கயிறு தளரவில்லை.

அவள் அவிழ்த்த பக்கம், உச்சியிலிருந்து வாகீசனுக்குச் சற்றுக் கீழே ஓரிடம்வரை விறைத்து நின்றது. அதற்குக் கீழே மட்டும் தொய்ந்து ஆடியது.

சீமோன் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

"நிலாணி, நீர் கழட்டிட்டீரோ?"

"ஓம்."

"அப்ப நான் ஆரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்?"

 விட்டுவிடுவோம் என்றான் சீமோன், அழுகிற குரலில். நிலாணி ஆஸ்பத்திரியில் தாதி. எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவள் கணவனின் கைகள்மேல் தன் கைகளை வைத்தாள்.

"விட்டிடாதேங்கோ. ஆரெண்டாலும் விழக்கூடாது. மெதுவா இறக்குவம்."

இறக்கினார்கள். வாகீசன் தன்னையறியாமல் கமராவை உயர்த்தினான். திரையில் அந்த நீலம்பாரித்த கைகள் கயிற்றைக் கட்டிப்பிடித்திருந்தன. பனியிலிருந்து தலை மெல்ல விலகி, அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

கமராவை அணைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டான்.

கயிறு தளர்ந்த சத்தம் கேட்டது. கீழே பார்த்தபோது, நிலாணிக்கு முன்னால் யாரோ நிற்பதுபோல் இரண்டு பாதங்களின் அளவுக்குப் பனி புதைந்திருந்தது.

வாகீசன் எப்படி இறங்கினான் என்பது அவனுக்கே நினைவில்லை. கயிறுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்கள்.  காரைச் சீமோன் ஓட்டினான், வாகீசன் பக்கத்தில், நிலாணி பின்னால். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைக் கடக்கும்போது பொழுது மங்கியது. புதிய வீடுகளில் விளக்குகள் எரிந்தன. மனம் கொஞ்சம் ஆறியது.

அப்போது காரில் எச்சரிக்கை மணி அடித்தது. பின் இருக்கையில் யாரோ பெல்ற் போடவில்லை.

"நிலாணி, பெல்ற்," என்றான் சீமோன்.

"நான் போட்டிருக்கிறன்."

மணி நிற்கவில்லை. நிலாணி பக்கத்து வெற்று இருக்கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அந்தப் பக்கத்துப் பெல்ற்றை இழுத்து மாட்டினாள்.

மணி நின்றது.

வாகீசன் திரும்பிப் பார்த்தான். பெல்ற் இருக்கையில் படியவில்லை. காற்றில் வளைந்து நின்று, மெதுவாக உயர்ந்து, மெதுவாகத் தாழ்ந்துகொண்டிருந்தது.