பரணில் இருந்த அரிசி

கண்டரமாணிக்கத்தில் அந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டும் முன்பே பேச்சு முற்றிவிட்டது. அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்த மலையம்மாள், மருமகள் சோணையம்மாளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள்.

"முந்தாநேத்துத்தான் குத்திப் போட்டோம். இன்னைக்குப் பாதிப் பானை. எங்குட்டுடி போச்சு?"

சோணையம்மாள் பானையின் மூடியை எடுத்து மூடினாள்.

"குன்றக்குடியில ஒன் அண்ணன் வீட்டுக்குப் போகுதா?"

"தப்புத்தான் அத்தை."

ஒரு தப்பும் செய்யாதவள் அவள். கணவன் முத்துவீரன் பட்டாளத்துக்குப் போய் ஐந்து வருஷம். அதில் மூன்று வருஷம் கடுதாசியே இல்லை. செத்துப்போனான் என்று ஊர் முடிவுகட்டியது. "வேற எடத்துல கட்டிக்குடுக்கிறேன், வா" என்று வந்து நின்ற அண்ணனிடம், "அத்தைக்கு ஆரு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். நாற்று நட்டு, களை பறித்து, மாமியாருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

போன மாசியில், 1919இல், சண்டை முடிந்து துருக்கிக்காரன் சிறையிலிருந்து விடுபட்டு, அவன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். சில நாள் கழித்து, மாட்டுக்கொட்டில் பரணில் அவன் துணியில் அரிசியை முடிந்து ஒளித்து வைப்பதை அவள் பார்த்துவிட்டாள். அவளைக் கண்டதும் அவன் முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ஆத்தாட்டச் சொல்லிறாத. கிறுக்குப் பிடிச்சவன்னு ஊரே சிரிக்கும்" என்றான். அவள் கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அந்தச் சத்தியம்தான் இப்போது அவள் வாயைக் கட்டியது.

"மூணு வருசம் கஞ்சி ஊத்துனவளேன்னு பார்க்குறேன்... திருடி இந்த வீட்டுல இருக்க வேணாம். போயிரு."

மாற்றுச் சேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சோணையம்மாள் இறங்கி நடந்தாள்.

வயலிலிருந்து வந்த முத்துவீரன் விஷயத்தைக் கேட்டான். நேரே கொட்டிலுக்குப் போய், பதினேழு முடிச்சுகளைக் கொண்டுவந்து தாயின் முன்னால் வைத்தான். சிலவற்றில் வண்டு விழுந்திருந்தது.

"அவ எடுக்கல ஆத்தா. நாந்தான்."

மலையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் உட்கார்ந்து சொன்னான்.

"பஸ்ராவுக்கு அங்குட்டு ஒரு ஊர்ல துருக்கிக்காரன் எங்களை அஞ்சு மாசம் சுத்தி வளைச்சுக்கிட்டான். மொதல்ல அரை வயித்து ரொட்டி, பெறகு ஒரு கை மாவு. புல்லைப் புடுங்கி வேகவச்சுத் தின்னோம். எம் பக்கத்துல படுத்திருந்த மாயக்கண்ணன் மடியில கொஞ்சம் அரிசி ஒளிச்சு வச்சிருந்தான். சாகப்போற நேரத்துல அதை எங்கையில குடுத்தான். அவன் கண்ணு மூடுறதுக்கு முன்னாடியே நான் வாயில போட்டுட்டேன் ஆத்தா. அதை அவன் பாத்துக்கிட்டே இருந்தான்."

முடிச்சு ஒன்றை எடுத்து இறுக்கிக்கொண்டே, "பானையில இருக்குன்னு தெரியுது. கை கேக்கமாட்டேங்குது" என்றான்.

உச்சி வெயிலில் கண்மாய்க்கரை மரத்தடியில் சோணையம்மாள் களைத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க வந்து நின்ற மலையம்மாளைக் கண்டதும் எழுந்தாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் அத்தை."

"திருடின்னேனே..."

"சொன்னீக. வலிச்சுச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய யாருக்கும் தெரியவேணாம் அத்தை. அந்த முடிச்சுகளையும் எடுத்துறாதீக. அவுகளா எறக்குற அன்னிக்கு எறக்கட்டும்."

"எடுக்கலடி. ஒண்ணொண்ணா நானே திரும்பப் பரண்ல வச்சுட்டுத்தான் வாரேன்."

மலையம்மாள் மருமகளின் தோளில் சாய்ந்தாள்.

"எம்புட்டுப் பசிச்சிருக்கும்டி எம் புள்ளைக்கு..."

ஐந்து வருஷமாக மாமியார் ஒருமுறைகூட அழுது சோணையம்மாள் பார்த்ததில்லை. இரண்டு கைகளாலும் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.