சட்டை முதுகில் சேறு

காமினி தன் கணவனின் சட்டையைத் துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது ஆனந்தராஜாவின் அறை. முப்பது ஆண்டுகள் காப்புறுதி நிறுவனங்களுக்காக விபத்துகளை ஆராய்ந்துவிட்டு ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிபவர் அவர். எதிர்மேசையில் ஷஹீரா இருந்தாள். வழக்கறிஞர் அலுவலக வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தவள். எந்த மரணத்தையும் கொலை என்றே தொடங்குவாள்.

காமினி சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவள் கணவன் சந்திரசேகரன் பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டடங்களுக்கு இரும்பு பீம் பூட்டும் வேலை செய்தவன். ஆறு வாரங்களுக்கு முன், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இரும்புச் சட்டகம் எழுப்பும் இடத்தில், மூன்றாம் மட்டத்து பீமிலிருந்து விழுந்து இறந்தான். சேஃப்டி பெல்ட் உடம்பில் இருந்தது, கொக்கியைத்தான் மாட்டவில்லை, அவனுடைய கவனக்குறைவே காரணம் என்று போலீஸார் அறிக்கை எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

"வீட்டுல பல்பு மாத்த நாற்காலி மேல ஏறுனாகூட என்னைப் புடிச்சுக்கச் சொல்லுவாரு ஐயா," என்றாள் காமினி. "அவரா கொக்கி மாட்டாம நடந்திருப்பாரு?"

அதே இடத்தில் அவளுடைய தம்பி தயாளனும் வேலை செய்தான். ஏழு மாதங்களுக்கு முன் சந்திரசேகரன்தான் அவனைச் சேர்த்துவிட்டிருந்தான். அவன் என்ன சொல்கிறான் என்று ஆனந்தராஜா கேட்டார். கருமாதிக்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை, போன் செய்தாலும் எடுப்பதில்லை என்றாள்.

அறிக்கையோடு வந்த புகைப்படத்தை அவர் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். முந்தின நாள் மழையில் ஊறிய சேற்றில் சந்திரசேகரன் மல்லாந்து கிடந்தான். பருத்த உடம்பு. தோளிலிருந்து தொடைவரை சுற்றிக் கட்டும் பெல்ட். தோள்பட்டையில் 'சேகர்' என்று அவன் பெயர். ஆனால் தொடை வார்கள் பூட்டப்படவில்லை. மார்பில் அரை முழ வார் மிச்சமாகத் தொங்கியது.

பிறகு சட்டையை மேசைமேல் கவிழ்த்து விரித்தார். கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை முதுகு முழுவதும் ஒரே சீராகச் சேறு காய்ந்திருந்தது.

"யாரோ கொக்கியைக் கழட்டி விட்டிருக்காங்க சார்," என்றாள் ஷஹீரா.

"முதலில் இடத்தைப் பார்ப்போம்," என்றார் அவர்.

மறுநாள் காலை ஷஹீராவின் காரில் போனார்கள். மேற்பார்வையாளர் அருணன் மரியாதையாகவே பேசினான். நான்கு பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு பெல்ட், ஒருநாளும் குறைந்ததில்லை என்றான். வாங்கிக்கொண்டதற்கு நான்கு பேரும் போட்ட கையெழுத்தைக் காட்டினான். குழுவில் மற்ற இருவர் மியன்மார்க்காரர்கள். பெர்மிட் முடிந்து போன மாதமே ஊருக்குப் போய்விட்டார்கள்.

கேபின் சுவரில் நான்கு பெல்ட்டுகள் தொங்கின. இரண்டு வெயிலில் வெளுத்தவை. அவற்றில் பர்மிய எழுத்தில் பெயர்கள். மற்ற இரண்டும் மடிப்புக்கூடக் கலையாத புதியவை. சந்திரசேகரனின் பெல்ட் எங்கே என்று கேட்டார் ஆனந்தராஜா. போலீஸிடம் இருப்பதாக அருணன் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில், அதே கேபினில் ஆனந்தராஜா எல்லோரையும் கூட்டினார். காமினி கதவருகே உட்கார்ந்தாள். தயாளன் நின்றான். மெலிந்த ஆள், கண்கள் தரையைவிட்டு எழவில்லை.

"பெல்ட் போட்டவன் சேற்றில் மல்லாந்து விழுந்தால், வாருக்கு அடியில் சட்டை ஓரளவாவது சுத்தமாக இருக்கும்," என்று ஆனந்தராஜா தொடங்கினார். "இந்தச் சட்டையில் அப்படி ஒரு கோடுகூட இல்லை. விழும்போது சந்திரசேகரன் பெல்ட் போட்டிருக்கவில்லை. விழுந்த பிறகு யாரோ மாட்டியிருக்கிறார்கள்."

ஷஹீரா எழுதுவதை நிறுத்தினாள்.

"நான்கு பெல்ட் இருந்து ஒன்றைப் போலீஸ் கொண்டுபோயிருந்தால், பழையவை மூன்று மிஞ்சியிருக்க வேண்டும். சுவரில் பழையவை இரண்டுதான், மற்ற இரண்டும் விபத்துக்குப் பிறகு வாங்கியவை. அன்றைக்கு நான்கு பேருக்கு இருந்தது மூன்றே பெல்ட். இரண்டில் மியன்மார்க்காரர்களின் பெயர். மூன்றாவது சந்திரசேகரனுடையது. ஆனால் படத்தில் பாருங்கள், மிச்ச வார் தொங்கும் அளவுக்கு இழுத்துச் சுருக்கியிருக்கிறார்கள், தொடை வார் பூட்டவே இல்லை. அவருடைய உடம்புக்கு அது பூட்டாது. அன்று காலை அதைப் போட்டிருந்தவர் ஒல்லியான ஆள்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. காமினி பார்த்தாள்.

"நான்தான்க்கா," என்றான் தயாளன்.

அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னதிலிருந்து நடந்தது விளங்கிற்று. ஒரு பெல்ட் அறுந்துபோய் மூன்று வாரமாகியும் புதியது வரவில்லை. மேலே ஏறும்போதெல்லாம் மச்சான் தன்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிடுவார். விழுந்த சத்தம் கேட்டு அவன் இறங்கி ஓடியபோது அருணன் அங்கே நின்றிருந்தான். செத்தவன் பெயர் எழுதிய பெல்ட் உன் உடம்பில் இருக்கிறது, நீ பறித்துக்கொண்டாய் என்றுதான் சொல்வார்கள், கழற்றி அவனுக்கே மாட்டு என்றான். தயாளன் மாட்டினான். போலீஸிடமும் மச்சான் பெல்ட் போட்டிருந்தார் என்றே சொன்னான்.

"குடுக்கும்போது என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் காமினி.

"உனக்கு இன்னும் கால் பழகல லா, நீ போட்டுக்கன்னாரு."

சந்திரசேகரனை அப்படியே விட்டிருந்தால் பெல்ட் ஏன் இல்லை என்று கம்பெனிதான் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றார் ஆனந்தராஜா. மாட்டிவிட்டதால் பழி செத்தவன்மேல் விழுந்தது. தயாளன் முகத்தை மூடிக்கொண்டான். அது அவனுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

அருணன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். "நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்கீங்க சார். பெல்ட்ட மாட்டுனது இவன். நான் சொன்னேன்னு யாரு கேட்டா?"

அன்று மாலையே தயாளன் ஷஹீராவோடு போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தான்.

மியன்மாருக்குப் போன கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கம்பெனி நான்கு கையெழுத்துகள் கொண்ட தாளைக் காட்டியது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து என்று தயாளன் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்னவனின் பேச்சு எடுபடவில்லை. கவனக்குறைவு என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, பெல்ட் இல்லாததன் காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். தடயத்தை மாற்றியதற்கும் பொய் வாக்குமூலத்துக்கும் தயாளனுக்கு ஆறு மாதச் சிறை.

தீர்ப்பு நாளில் காமினி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கூட்டிப்போகும்போது எழுந்து அருகில் போனாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

அவன் இல்லை என்று தலையசைத்தான். காவலர் நிற்கவில்லை.

வெளியே ஷஹீரா காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். பஸ் இருக்கிறது என்றாள் காமினி. ஆனந்தராஜா அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.

"உண்மை தெரிஞ்சா மனசு ஆறும்னு நெனச்சேன் ஐயா," என்றாள் அவள். "இப்ப ரெண்டு பேரும் இல்ல."

பஸ் வந்தது. கைப்பையில் சில்லறையைத் தேடிக்கொண்டே அவள் ஏறினாள்.