கதவு போலீஸ்

அந்த வீட்டில் கதவுகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. திறந்தால் சுவரோடு ஒட்டும்படி முழுசாகத் திறக்க வேண்டும். சாத்தினால் 'டப்' என்று முழுசாகச் சாத்த வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது. அலமாரிக் கதவுக்கும் அதே சட்டம்தான்.

சட்டத்தைக் காவல் காப்பவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வாண்டு. யாராவது ஒரு கதவைப் பாதியில் விட்டால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "முழுசா!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். அதனால் அவளுக்குக் கதவு போலீஸ் என்றும் ஒரு பட்டப்பெயர்.

எல்லாம் அண்ணனுக்காகத்தான். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. மூடிய கதவை அவன் கை தேடிக் கண்டுபிடித்துவிடும். திறந்த கதவால் தொந்தரவே இல்லை. பாதிக் கதவுதான் பொல்லாதது. அவனுடைய வெள்ளைக்கோல் அதற்கு ஒரு பக்கமாகப் போய்விடும். நெற்றி நேராகப் போய் விளிம்பில் முட்டும்.

அண்ணன் நடக்கப் பழகிய காலத்தில் அம்மா போட்ட சட்டம் அது. இத்தனை வருஷத்தில் அவனுக்கு எங்கேயும் முட்டிய நினைவே இல்லை. வெளியே போனாலும் வாண்டு முன்னால் ஓடிக் கதவுகளைத் தள்ளிவிடுவாள். நாற்காலிகளை நகர்த்திவிடுவாள். அதை யாரும் கவனித்ததும் இல்லை, அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை.

இப்போது அண்ணனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது.

அன்று மாலை அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மா வீடியோவில் பேசினார். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுப்பது அவர் வேலை. அவர் கேட்கக் கேட்க, அண்ணன் பதில் சொல்லிவிட்டு வீட்டாருக்கும் புரியும்படி தமிழில் சொன்னான்.

"பாடப் புத்தகத்தை எல்லாம் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்ற மாதிரி மாத்தித் தருவாங்களாம். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் உண்டாம். வேற என்ன உதவி வேணும்னு கேக்குறாங்க."

"வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லு," என்றார் அப்பா. அவர் பஸ் டிரைவர். "என் பையன் என் பஸ் மாதிரி. ஒரு கீறல் விழாம போயிட்டு வருவான்."

அண்ணனும் சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னான்.

வாண்டு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். 'கதவு? அங்கே கதவை யார் பார்ப்பார்கள்?'

வாயைத் திறக்கப் போனாள். உடனே மூடிக்கொண்டாள். அப்பா வெளியில்தான் பெருமை பேசுவார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே பயம். "இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே," என்று அம்மாவிடம் அவர் முணுமுணுத்ததை வாண்டு கேட்டிருக்கிறாள். இப்போது கதவு விஷயத்தைச் சொன்னால் அண்ணனின் பயணமே நின்றுவிடும். சொல்லாவிட்டால் அண்ணனின் நெற்றி உடையும்.

சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"உடம்பு சரியில்லையா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பசிக்கல," என்றாள் வாண்டு.

மறுநாள் பள்ளியிலும் கணக்கு ஓடவில்லை. எந்தக் கதவைப் பார்த்தாலும் அதில் அண்ணன் போய் முட்டுவதுபோலவே தோன்றியது. சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவிடம் வேண்டாம், முதலில் அண்ணனுக்கே தெரியட்டும்.

வீட்டிலேயே மெத்தென்ற தலையணையை எடுத்தாள். அண்ணன் அறைக் கதவைப் பாதியில் நிறுத்தி, அதன் விளிம்பில் தலையணையைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் போலீஸே சட்டத்தை மீறுகிறது!

அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தான்.

'பொத்!'

"யாரு?" என்று பதறினான் அண்ணன்.

"கதவு," என்றாள் வாண்டு மெதுவாக.

அண்ணன் தலையணையைத் தடவிப் பார்த்தான். "கதவுக்கு எப்பப் போட்டுச்சு தொப்பை?"

வாண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னாள். கடைக் கதவு, பஸ் நிலையத்து நாற்காலி, மாமா வீட்டு அலமாரி என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் நல்லா நடக்குறேன்னு நெனச்சதெல்லாம் சும்மாவா?"

"நீ நல்லாத்தான் நடக்குற. கதவுதான் ஒழுங்கா நிக்கறதில்ல."

அப்போது பார்த்தா அப்பா வேலை முடிந்து வர வேண்டும்? தலையணையைப் பார்த்தார். அழுத முகத்தைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்ப்பா. நீ இங்கயே படி. அங்க போய் விழுந்து கிழுந்தா யாரு பார்ப்பா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் வாண்டுவால் தாங்க முடியவில்லை. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தவள், அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க பஸ் ஓட்டப் பழகுனப்போ எங்கயும் இடிச்சதே இல்லையா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அது வந்து..."

"டிப்போ சுவரை இடிச்சாரு," என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "ரெண்டு தடவை."

"அப்புறமும் ஓட்டினீங்கதானே?" என்றாள் வாண்டு. "அண்ணனும் பழகட்டும். இடிச்சா இங்கயே இடிக்கட்டும். நம்மகிட்டத் தலையணை இருக்கு."

அப்பா விருட்டென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று வாண்டு பயந்துபோனாள். திரும்பி வந்தபோது அவர் கையில் இன்னும் மூன்று தலையணைகள் இருந்தன.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் தலைகீழானது. எந்தக் கதவு எப்போது பாதியில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பொத், பொத் என்று முட்டிய அண்ணன், பிறகு ஒரு கையை மடக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நடக்கப் பழகினான். கை முதலில் கதவைத் தொடும், நெற்றி தப்பிக்கும். தலையணைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்குத் திரும்பின. நடுவில் ஒருநாள் அப்பாதான் அலமாரியில் முட்டிக்கொண்டார். அதில் தலையணையும் இல்லை.

அண்ணனே அந்தப் பல்கலைக்கழக அம்மாவை மறுபடி அழைத்தான்.

"வேற ஒண்ணும் வேணாம்னு அன்னிக்குச் சொன்னது தப்பு," என்று தொடங்கிக் கதவு விஷயத்தைச் சொன்னான். வாண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடம் இல்லை என்று சொல்லிவிடுவாரோ?

அண்ணன் முகம் மலர்ந்தது. "நல்லவேளை சொன்னீங்கங்குறாங்க. சொன்னாத்தானே தெரியும்னு கேக்குறாங்க. வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சியாளர் கூடவே நடந்து எல்லா வழியும் பழக்கிவிடுவாராம். கூடத் தங்கப் போற பையன்கிட்டயும் கதவைப் பத்தி நான் பேசலாமாம்."

அண்ணன் விமானம் ஏறினான். வாண்டுவின் வயிறு மட்டும் இன்னும் நம்பவில்லை. பாதி தின்று பாதி வைத்தாள். தொலைபேசி மணி அடித்தாலே திடுக்கிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அழைத்தான்.

"நெத்தி எப்படி இருக்கு?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"பத்திரமா இருக்கு. நேத்து நூலகத்துல ஒரு பாதிக் கதவு. கை பிடிச்சிருச்சு."

"ரூம்ல?"

"ரூம்ல பிரச்சினையே இல்ல. கூட இருக்குற பையனுக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன். இரு, வெளிய போயிருந்தான், இப்பத்தான் வர்றான்."

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு எங்கோ தூர தேசத்தில், யாரோ ஒரு முகம் தெரியாத பையன் கொச்சையான உச்சரிப்பில் உரக்கக் கத்தினான்:

"முலுசா!"

'டப்!'

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வாண்டு போனைக் கையில் பிடித்தபடியே அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பசிக்குது. நிறையப் போடு!"