முப்பத்தாறு கைநாட்டுகள்

1958 மார்ச் 12, புதன்கிழமை. பிற்பகல் மணி 2.35.

மூன்றாம் பக்கத்தைப் படித்த ராஜாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை.

"செல்வாம்பா, மோசம் போயிட்டோம். ஒன் பேர் இருந்த எடத்துல கோவிந்தராசு பேர் இருக்கு!"

கடலோர மாதர் உதவிச் சங்கத்தின் அந்தச் சின்ன அறையில் செல்வாம்பாள் மேசையருகே விரைந்து வந்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராஜாம்பாள் சங்கச் செயலாளர். மீன் விற்கும் செல்வாம்பாள் துணைத்தலைவி. எழுத்து வாசனை கிடையாது, ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மேசைமேல் கிடந்தது ஐக்கிய நாடுகள் சபைக்குப் போகவேண்டிய மனு. கடலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இலங்கைக் கரையிலும் பாடுபடும் சங்கம், ஆலோசனை சொல்லும் தகுதி கேட்டிருந்தது. கிடைத்தால் ஓட்டுப் போட முடியாது. ஆனால் கூட்டத்தில் உட்காரலாம், எழுதிக் கொடுக்கலாம், அழைத்தால் எழுந்து பேசலாம். யார் பேசுவது என்பதை உறுப்பினர்களே கூடித் தீர்மானிக்க வேண்டும். முப்பத்தாறு பெண்கள் செல்வாம்பாளைத் தேர்ந்தெடுத்துக் கைநாட்டு வைத்த பக்கம்தான் இப்போது காணவில்லை. வேறு பக்கம் அதன் இடத்தில் இருந்தது, அதிலும் முப்பத்தாறு கைநாட்டுகள்.

நான்கு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். அதை விட்டால் நியூயார்க்கின் கெடு தப்பிவிடும். பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், அவர்களோ கூடையும் தலையுமாகத் தவளக்குப்பம் வரை சிதறிக் கிடந்தார்கள்.

மணி 2.50. அரிசி மில் முதலாளியும் சங்கத் தலைவருமான கோவிந்தராசு வந்து சேர்ந்தார்.

"பன்னண்டு மணிக்கு யார் பூட்டுனது?" செல்வாம்பாள் கேட்டாள்.

"நான்தான். அப்போ சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் ராஜாம்பாள். வெள்ளைக்காரன் கப்பலேறியும் புதுச்சேரியின் மத்தியானத் தூக்கம் மட்டும் ஏறவில்லை. பன்னிரண்டு முதல் இரண்டரை வரை ஊரே கதவடைத்துக்கொள்ளும்.

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, மொதலாளிகிட்ட ஒண்ணு, ராமதாசுகிட்ட ஒண்ணு."

"மொதலாளி எங்க இருந்தீங்க?"

"வீட்டுல தூங்குனேன். சாட்சிக்கு என் கொறட்டையைத்தான் கூப்புடணும்," என்றார் கோவிந்தராசு எரிச்சலாக.

"தம்பி, நீ?"

தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த ராமதாஸ் நிமிர்ந்தான். சங்கத்து எழுத்தர், கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் வீராயியின் மகன். அந்தக் குப்பத்தில் முதன்முதலாகப் பிரெஞ்சு படித்தவன். முந்தாநாள் பென்சில் சீவும்போது பிளேடு பட்ட இடது மோதிர விரலில் துணிக்கட்டு இருந்தது.

"முத்தியால்பேட்டை ரூமுக்குப் போயிட்டேன் அத்தை. ஒருவேளை அன்னைக்குப் புரியாம இதுலதான் கைநாட்டு வச்சாங்களோ என்னவோ."

செல்வாம்பாளுக்குச் சுருக்கென்றது. எழுத்து தெரியாதென்றால் எதுவும் தெரியாதென்று நினைத்துவிட்டார்களே! தாளை ஜன்னலோரம் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, கருவாட்டில் பூச்சி பார்ப்பதுபோல ஒவ்வொரு கைநாட்டாகப் பார்த்தாள். ராஜாம்பாளிடம் பென்சில் வாங்கிச் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தாள்.

மணி 3.20.

"டீச்சரம்மா, இது பொய்த் தாளு. எங்க பொம்பளைங்க ஒருத்தி விரலும் இதுல இல்ல."

"எப்படிச் சொல்ற?" என்றார் கோவிந்தராசு.

செல்வாம்பாள் மைப்பெட்டியில் தன் பெருவிரலை அழுத்தி வெள்ளைத் தாளில் வைத்தாள். விழுந்தது வெறும் நீலத் திட்டு, நடுவில் இரண்டு மூன்று கோடு.

"செதிள் ஒரசி, சாம்பல் தேச்சு, உப்புல ஊறுன கை. இருவது வருசத்துல ரேகை தேஞ்சி போச்சு. முப்பத்தாறு பேருக்கும் இதே கதிதான். இந்தத் தாளைப் பாருங்க, ரேகையில சங்கும் சக்கரமும் அச்சடிச்சாப்புல இருக்கு. பேனா புடிக்கிற கை இது."

ராஜாம்பாள் வாய்பிளந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்கு. ஒரே மாதிரி இருக்கறதுக்கெல்லாம் ஒரே அடையாளம் போட்டிருக்கேன், எண்ணுங்க."

ராஜாம்பாள் எண்ணினாள். ஒவ்வொரு ரேகையும் நான்கு தடவை. மொத்தம் ஒன்பதே ரகம்.

"ஒரே ஆளு, விரல் மாத்தி விரல் வச்சிருக்கான். ஆனா பத்து ரகம் வரணுமே, ஏன் ஒம்போதோட நின்னுச்சு? டீச்சரம்மாவுக்குப் பத்து விரலும் நல்லா இருக்கு, மொதலாளிக்கும் இருக்கு." செல்வாம்பாள் திரும்பினாள். "மை வைக்க முடியாத விரல் ஒன்கிட்ட மட்டுந்தான் இருக்கு, ராமதாசு."

ராமதாஸ் மேசைக்கு அடியில் கையை இழுத்துக்கொண்டான். பிறகு தலை கவிழ்ந்தது.

"ஏண்டா? நான் கேட்டனா ஒன்னை?" கோவிந்தராசு கத்தினார். "திருட்டுத்தனமா வர்ற மரியாதை எனக்கு எதுக்குடா?"

"அவ்ளோ பெரிய சபையில மீன்காரம்மா போயி நின்னா சிரிப்பாங்க ஐயா. நம்ம குப்பத்தையே கேலி பண்ணுவாங்க. அதை என்னால தாங்க முடியாது." அவன் சட்டைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். "கிழிக்கத்தான் நெனச்சேன். அம்மா கைநாட்டு இருந்துச்சு, கை வரல."

அசல் பக்கம். முப்பத்தாறு நீலத் திட்டுகள். செல்வாம்பாளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

"மொதலாளிக்குத் தெரியலன்னா சரி. வீராயி புள்ள நீ. அந்தக் கைல சோறு வாங்கித் தின்ன ஒனக்கே அந்த விரல் எப்படி இருக்கும்னு தெரியலையாடா?"

ராமதாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"போலீசு வேணாம் மொதலாளி. அவங்கம்மாகிட்ட அவனே போயி சொல்லட்டும், அது போதும்."

மணி 3.52. தபால் நிலையத்தில் குமாஸ்தா, அசல் பக்கத்தை வைத்து ஒட்டிய உறையின்மேல் இருந்த நியூயார்க் விலாசத்தைப் பார்த்தார். பிறகு கோவிந்தராசுவின் சரிகை அங்கவஸ்திரத்தைப் பார்த்து மரியாதையாக எழுந்தார்.

"அனுப்புறவங்க பேரு சொல்லுங்க ஐயா."

கோவிந்தராசு ஒதுங்கி வழிவிட்டார். செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் பேரை எழுதுங்க. செல்வாம்பாள், கனகசெட்டிக்குளம். மீன் விக்கிறேன்."